புழுக்களுக்குச் சமைத்தவர்

“இரு, இரு. அவசரப்படாதே. அந்தப் பக்கம் திரும்பி நில்லு, நான் சொன்னப்புறம் பாரு.”

“அண்ணே, நான் இப்பத்தான் தையல் பிரிச்சுட்டு வர்றேன். நிக்கவே முடியல.”

“அப்ப உக்காந்து பாரு. பாத்தா நீயே நம்ப மாட்டே. நீ போறப்ப இருந்ததுக்கு இப்ப மூணு பங்கு இருக்கும். மூடியத் தூக்கினா கொத்துக் கொத்தா வந்து தொங்குது பாப்பா. என் கை பட்டாலே அதுங்களுக்குத் தெரிஞ்சிருது.”

அவள் உட்காரவில்லை. ‘கொத்துக் கொத்தா’ என்றதுமே அவர் பக்கம் திரும்பினாள்.

“எங்க தொங்குது?”

“மூடியிலதான். அடிப்பக்கம்.”

“எப்பலேருந்து?”

“கொஞ்ச நாளாவே. பசி போலிருக்குன்னு ரெண்டு கரண்டி சேத்துப் போட்டேன். அப்புறம் சந்து வழியா வெளிய விழ ஆரம்பிச்சுதுங்க. எறும்பு இழுத்துட்டுப் போயிருமேன்னு மூடி மேல கல்லத் தூக்கி வச்சேன்.”

அப்போதுதான் அவள் கல்லைப் பார்த்தாள். ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு கல் இருந்தது. அசையாதபடி நடுவில், அழகாக.

அந்த முற்றம் ஓர் உணவகத்தின் சமையலறைக்குப் பின்னால், இரண்டு கட்டடங்கள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இடைவெளியில் இருந்தது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோகும் வாடிக்கையாளரைப் போல வெயில் நடுப்பகலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் நிழல்தான். சுவரோரமாக மூன்று குளியல் தொட்டிகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய தங்கும் விடுதியை இடித்தபோது அவள் கேட்டு வாங்கி வந்தவை. விடுதியின் கதவுகளையே அளவாக அறுத்து மூடிகளாக்கியிருந்தாள். அறை எண்கள் பித்தளையில் அப்படியே இருந்தன. ஏழு, பன்னிரண்டு, பதினைந்து. சமையலறைக்காரர்களும் அப்படித்தான் பேசுவார்கள். “வெங்காயத் தோல எந்த ரூமுக்கு அனுப்பட்டும்?” என்பார்கள். “எந்த ரூமும் வெங்காயம் சாப்பிடாது, அத ஓரமா வையி” என்பாள் அவள்.

தொட்டிகளுக்குள் புழுக்கள் இருந்தன. மெல்லிய, சிவந்த, ஈரமான புழுக்கள். கிழித்துப் போட்ட முட்டை அட்டைகளுக்கும் காய்ந்த இலைகளுக்கும் நடுவே வாழ்ந்தன. உணவகத்தின் காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும், தட்டுகளில் மிஞ்சியதில் ஒரு பங்கையும் தின்று கரிய மண்ணாக மாற்றின. மிஞ்சிய சோற்றை அவள் அப்படியே போடுவதில்லை. சல்லடையில் கொட்டி, உப்பும் எண்ணெயும் போக இரண்டு தண்ணீரில் அலசி, மரத்தூளோடு பிசைந்து, ஒரு ஓரமாகப் புதைப்பாள். இதைப் பார்த்துச் சமையலறை முழுக்கச் சிரிக்கும். பாத்திரம் கழுவும் பெண்மணி, எல்லோருக்கும் சோப்பக்கா, சிரிப்பில் முதல் ஆள். “பிள்ளைக்குக்கூட எவளும் இப்படிப் பக்குவம் பாக்க மாட்டா” என்பாள்.

சோப்பக்கா தெரிந்தே அதைச் சொன்னாள், ஆனால் குத்துவதற்காகச் சொல்லவில்லை. புழு வளர்ப்பவளுக்குப் பிள்ளை இல்லை. கணவன் இறந்த புதிதில் சில மாதங்கள் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, வயிற்றில் ஒரு புழு பூச்சி தரிக்காதவள் காலையில் எதிரே வந்தால் நாள் விளங்குமா என்று அண்ணி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டினாள். அண்ணன் வாசல்வரை வந்தார். ‘போகாதே’ என்று சொல்லவில்லை. ஒரு தூக்குச் சட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுத்தார்.

அண்ணன்தான் இந்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். எல்லோருக்கும் மாஸ்டர். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். முடி பாதி நரைத்தவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பேச வராத மனிதர். சந்தோஷமோ துக்கமோ, அவருக்குத் தெரிந்தது ஒரு தட்டை நிரப்பி எதிரே வைப்பதுதான். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியிலும், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று எழுதித் தொங்கவிட்ட படுக்கைக்கு அருகில் அவர் ஒரு தூக்குச் சட்டியோடு நின்றிருந்தார். நர்ஸ் திட்டி அனுப்பினாள்.

முதலாளி அவளிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசியிருந்தார். சமையலறைக் கழிவு ஒரு வாளிகூட முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போகாதவரை இந்த முற்றமும், அதையொட்டிய சின்ன அறையும் அவளுடையவை. அந்த அறையில் முன்பு எரிவாயு உருளைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கட்டில் போட்டால் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். இருந்தாலும் அது அவளுடைய கதவு. முதலாளி சொன்ன சொல் மாறாதவர். அவருடைய மருமகன் அப்படியில்லை. அங்கே ஒரு குளிரறை கட்டினால் இறைச்சியும் காய்கறியும் மொத்தமாக வாங்கி வைக்கலாம் என்று அவன் வந்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். புழுக்கள் தின்றுகொண்டிருந்தவரை அவன் பேச்சு எடுபடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவள் அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கொஞ்சமாக. ஆறியதாக. ஓரமாக. முதலில் போட்டது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. எலுமிச்சைத் தோல் ஆகாது, வெங்காயம் ஆகாது. அட்டை காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சொல்ல வேண்டியதில் ஒன்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அது யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

“கல்ல எடுங்க” என்றாள்.

பன்னிரண்டாம் எண் கதவைத் தூக்கியதும் முதலில் வந்தது வாடை. புளித்த, இனித்த வாடை. பிறகு சூடு, முகத்தில் யாரோ மூச்சு விட்டதைப் போல. கதவின் அடிப்பக்கம் அவள் தடவிப் பார்த்தாள். வெள்ளைப் பெயிண்டில் சிவப்பு நூல் துண்டுகளைப் போல ஏதேதோ காய்ந்து ஒட்டியிருந்தன. விரலால் உரசினால் உதிர்ந்தன.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்துதே” என்றார் அண்ணன்.

அவள் மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டாள். ஜுரத்தில் கிடப்பவரின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. இலையும் அட்டையும் கஞ்சியாகக் குழைந்திருந்தன. எதுவும் நகரவில்லை. ஆழத்தில் ஒரு உருளைக்கிழங்குத் தோல் அகப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் அழுத்தியதும் மசிந்தது.

“இது வெந்திருக்கு.”

“ஆமா” என்றார் அவர். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது. “பச்சையா எப்படித் திங்கும் பாப்பா? பல்லே கிடையாதாமே அதுங்களுக்கு. நீதான சொன்னே. நல்லா குழைய வேக வச்சு, ஆறினா கெட்டியாயிருமேன்னு சூட்டோட ஊத்தினேன்.”

“உப்பு?”

அவர் பதில் சொல்லுமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளாக எந்தக் கொதியைக் கண்டாலும் தானாகவே உப்புச் சட்டிக்குப் போகும் கை அது.

“கொஞ்சந்தான். என் கைக்கு அளவு தெரியாதா?”

அவள் ஏழாம் எண் கதவைத் திறக்கச் சொன்னாள். பிறகு பதினைந்தை. இரண்டிலும் அதே சூடு, அதே வாடை. புழு செத்தால் உடம்பு கிடைக்காது. உடம்பில் முக்கால்வாசி தண்ணீர்தான், கரைந்து எதில் விழுந்ததோ அதுவாகவே ஆகிவிடும். அதனால் அங்கே எத்தனை செத்தன என்று சொல்ல எதுவும் இல்லை. இருந்த ஒன்று இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அவள் நிதானமாகத்தான் சொன்னாள். சூடான சாப்பாடு உள்ளே புளித்து இன்னும் சூடாகும். உப்பு அவற்றின் தோலை உரிக்கும். கீழே இருக்க முடியாமல்தான் அவை மேலே ஏறும். மூடிவரை வந்தால் அதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான், அவை அந்த இடத்தை விட்டு ஓடப் பார்க்கின்றன. இதைச் சொல்லி முடிக்கும்போது அவள் கல்லைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அவரும் கல்லைப் பார்க்காமல் இருக்க முயன்றார். இரண்டு பேரின் கண்ணும் அங்கேதான் போய் நின்றது.

“பசிக்குதுன்னு நெனச்சேன்” என்றார் அண்ணன். “மத்தியானம் சாப்பாட்டுக் கதவு தொறக்கறதுக்கு முன்ன ஜனம் வந்து முட்டிக்கிட்டு நிக்குமே, அப்படி இருந்துது எனக்கு.”

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். அடுப்பில் எதுவும் இல்லை என்று சோப்பக்கா பிறகு சொன்னாள். வெறும் வாணலியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாராம்.

அவள் குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சோப்பக்காதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் பழைய சாக்குகளை விரித்து, தொட்டிகளில் இருந்ததை முறத்தால் அள்ளி அள்ளி மெல்லிய அடுக்காகப் பரப்பினார்கள். ஆவி எழுந்தது. ஏதாவது அசைகிறதா என்று அவள் ஒரு கரண்டிக் காம்பால் கோடு கோடாகக் கிளறிப் பார்த்தாள்.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு எங்களையெல்லாம் விரட்டுவாரு உங்க அண்ணன்” என்றாள் சோப்பக்கா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு. “பாவி மனுஷன், குப்பையிலயும் உப்பப் போட்டுட்டாரே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் பிரித்த இடம் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. சோப்பக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சாக்கை உதறினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வலியால் என்று நர்ஸ் நினைத்தாள். வலி காரணமில்லை. முற்றத்து அறையில் கட்டிலில் படுத்தால் மரச்சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிகள். காதைச் சுவரில் வைத்தால் ஒரு சத்தம் கேட்கும். தூரத்தில் எங்கோ, யாரும் இல்லாத ஊரில், இலைகளின் மேல் தூறல் விழுவதைப் போல. ஆயிரமாயிரம் ஈர உடம்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும் சத்தம். கண்ணில்லாதவை, காதில்லாதவை, தங்களுக்கு இப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாதவை. அவள் எத்தனையோ நாள் அந்த மழையில் நனையாமல் படுத்து உறங்கியிருக்கிறாள். வெறும் சுவரோடு எப்படித் தூங்குவது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பதினைந்தாம் எண் தொட்டியின் கோடியில், குழாய் ஓயாமல் சொட்டும் மூலையில் மட்டும் மண் ஜில்லென்று இருந்தது. மாஸ்டர் ஊற்றியது அதுவரை வரவில்லை போலும். நனைந்த அட்டை ஒன்றைப் புரட்டியபோது அடியில் ஒரு உருண்டை. நூல்கண்டைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் உள்ளுக்குள் சுருண்டது. இரண்டு கைகளையும் சேர்த்தால் நிறையும். அவ்வளவுதான்.

“இருக்கு பாரு, இருக்கு” என்றாள் சோப்பக்கா. “இத வச்சு மறுபடி பெருக்கிற மாட்டே?”

பெருக்கலாம். இதமாக வைத்து, பொறுமையாகப் பார்த்துக்கொண்டால் பழையபடி ஆகும். ஆனால் அதற்கு மாதங்கள் வேண்டும். சமையலறைக் கதவருகே மத்தியானக் கழிவு ஏற்கெனவே வாளி வாளியாக வந்து நின்றுவிட்டது. இரவுக் கழிவும் வரும். நாளைக்கும் அடுப்பு எரியும், நாளைக்கும் மனிதர்கள் பாதியைத் தின்று பாதியை வைப்பார்கள். இந்தக் கைப்பிடிப் புழு ஒரு தேயிலைச் சக்கையைத் தின்று முடிக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும்.

வாடை உணவு மேசைகள்வரை போயிருக்க வேண்டும். சாயங்காலம் முதலாளியே பின்பக்கம் வந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடவில்லை, அந்த மரியாதை அவரிடம் இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். யார் செய்தது என்பதைச் சொல்லவில்லை. தான் இல்லாதபோது சூடேறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவர் வெகுநேரம் பித்தளை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே வந்த மருமகன், இவ்வளவு நல்ல ஏற்பாடு இப்படி ஆகிவிட்டதே என்று மிகவும் வருத்தப்பட்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது பார் என்றாள் சோப்பக்கா, அவர்கள் காதில் விழாத தூரத்தில். அவன் கையில் அளவு நாடா இருந்தது. முற்றத்தை அளந்தான். அறைக்குள்ளும் போய் அளந்தான். கட்டில் இடித்ததால் ஒரு பக்கம் அளக்க முடியாமல், கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு அளந்தான்.

முதலாளி கடைசியில் பேசினார். நாளைக் காலையிலிருந்து கழிவை எடுக்க வண்டி வரும். அவளுக்கு வேலை போகாது, உடம்பு தேறியதும் பாத்திரம் கழுவும் இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். தங்குவதற்கு மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத முடிவுவரை பொறுத்துக்கொள்வார். குரலை உயர்த்தாமல் சொன்னார். சண்டைக்கார மனிதராக இருந்திருந்தால் அவளுக்கும் திருப்பி ஒரு வார்த்தை சொல்லக் கிடைத்திருக்கும். சரிங்க என்றாள்.

இதெல்லாம் நடந்தபோது சமையலறை ஜன்னலில் மாஸ்டரின் தலை தெரிந்தது. அவர் வெளியே வந்து, நான்தான் செய்தேன் என்று சொல்வார் என்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். சொன்னாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. ஆனாலும் எதிர்பார்த்தாள். ஜன்னலில் ஆவி படர்ந்து தலை மங்கிப்போனது.

அவர்கள் போனபின் சோப்பக்கா, ஓரம் நசுங்கியதென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பெரிய அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதில் கிழித்த அட்டையும் ஈர இலையும் பரப்பி, அந்த உருண்டையை நடுவில் இறக்கி, மேலே நனைந்த துணியைப் போட்டாள். பிறகு தொட்டியின் விளிம்பில், கதவில்லாத பன்னிரண்டாம் எண் தொட்டியின் விளிம்பில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் வந்தார். கையில் ஒரு தட்டு, ஆவி பறக்க. அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். மடியில் இடமில்லாததால் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். கடைசியில் அவள் பக்கத்திலேயே, தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

“சாப்பிடு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ.”

எண்ணெய் கூடாது, காரம் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததை அவள் சொல்லவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு மிகச் சரியாக இருந்தது. எப்போதும் சரியாகத்தான் இருக்கும். இன்னொரு வாய் எடுத்தாள், அவர் பார்க்கிறாரே என்று.

“எனக்குத் தெரியலயே பாப்பா” என்றார்.

“தெரியும்ணே.”

அவர் சுவரில் சாய்ந்தார். வெள்ளை ஏப்ரனில் அன்றைய நாளின் எல்லாக் கறைகளும் இருந்தன. அறை வாசலில், மருமகன் இழுத்துப் போட்ட கட்டில் குறுக்காகக் கிடந்தது. அண்ணன் போய் அதைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தார். கால் எங்கோ மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அவள் துணியை விலக்கித் தட்டைப் பார்த்தாள். உருண்டை இன்னும் பிரியவில்லை. பயம் போனால்தான் பிரியும், ஒவ்வொன்றாக அட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதுவரை தொடக்கூடாது. துணியை மூடினாள். மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்ட வார்த்தைகள்தான், இருந்தாலும் வெளியே வர நேரம் பிடித்தது.

“உங்க வீட்டு பால்கனியில, வாஷிங் மெஷினுக்குப் பின்னால ஒரு மூலை இருக்குல்ல, வெயிலே படாதே அங்க.”

அவர் நிமிர்ந்தார்.

“இந்தத் தட்டு அங்க இருக்கட்டும்ணே. வாடை வராது, சத்தம் வராது. அண்ணி கண்ணுலயே படாம வச்சுக்கலாம்.” அவள் நிறுத்தினாள். தட்டின் நசுங்கிய ஓரத்தை விரலால் தடவினாள். “தினம் தண்ணி தெளிக்கணும், பாத்துக்கணும். அதுக்கு நானும் கூட வந்து இருக்கணும். இடம் அதிகம் வேண்டாம், தட்டுக்குப் பக்கத்துலயே படுத்துக்குவேன். அண்ணிகிட்ட கேட்டுப் பாக்கறீங்களா?”